கணிப்பொறியினின்று வேண்டாத செயலிகளை வேரோடு அகற்றுதல்

தோட்டத்தில் கோரை முளைத்தால், அரிவாள் கொண்டு தாளை மட்டும் அறுத்துவிட்டுப் போகும் விவசாயி நம்மில் ஒருவரும் இல்லை. அறுத்த சில நாட்களுக்குள் அது மறுபடி தலைகாட்டும் என்பதும், மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கை எடுத்தாலன்றி ஒழியாது என்பதும் அனைவரும் அறிந்தவை. எனினும் இதே அங்கத்தினர்கள் நிர்வாகக் குழுவினராக அமர்ந்து நடத்தும் சங்க அலுவலகங்களில், கணிப்பொறியிலிருந்து ஒரு செயலியை நீக்க வேண்டி வரும்பொழுது பெரும்பாலும் தாளைத்தான் அறுக்கிறார்கள். திரையின்மேல் காணும் சிறு படத்தைக் குப்பைத் தொட்டிக்கு இழுத்துவிட்டு, செயலி ஒழிந்தது என்று மனநிறைவு அடைகிறார்கள். அந்தப் படம் செயலிக்குச் செல்லும் வழிகாட்டிப் பலகை போன்றது. பலகையைப் பிடுங்கியதால் ஊர் காலியாகிவிடாது.

இதனைப் பற்றி ஒரு பாடம் எழுத வேண்டிய அவசியம் என்ன என்று சிலர் கேட்கலாம். 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மத்திய அமைச்சரவை, 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறிமயமாக்க 2,516 கோடி ரூபாய் மதிப்புள்ள திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. நெசவாளர் சங்கங்களிலும் நூல் இருப்பு, நெய்கூலி, தள்ளுபடிக் கணக்கு முதலியன கணிப்பொறியில் ஏறிவருகின்றன. அங்கத்தினரின் பெயர், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், நகைக்கடன் தொகை ஆகிய அனைத்தும் அந்த ஒரு பெட்டிக்குள் அடங்கியுள்ளன. இன்னார் கொண்டுவந்தது என்றே தெரியாத செயலி ஒன்று அதில் குடியிருப்பது, இரும்புப் பெட்டி இருக்கும் அறையில் முன்பின் அறியாதவன் ஒருவன் இரவும் பகலும் படுத்திருப்பதற்கு ஒப்பாகும். அவன் நல்லவனாகவே இருக்கலாம். ஆனால் அவனை அங்கு வைத்திருக்க யார் தீர்மானம் நிறைவேற்றினார்கள்?

ஆய்வுக்குச் சென்ற ஒரு சங்கத்தில், ஒரே கணிப்பொறியில் மூன்று வைரஸ் தடுப்புச் செயலிகளும், தூரத்திலிருந்து பிறர் நம் திரையைக் கண்டு இயக்குவதற்கான இரண்டு செயலிகளும், ஒரு சீட்டாட்டமும் கிடந்தன. அவற்றுள் ஒன்றையேனும் தாம் கேட்டு வாங்கியதாகக் காரியதரிசிக்கு நினைவில்லை. இலவசச் செயலி ஒன்றை இறக்கும்போது, ‘நெக்ஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’ என்று படியாமலே அழுத்திச் சென்றால், அதனுடன் ஒட்டிக்கொண்டு வேறு இரண்டு மூன்று வந்துவிடுவது வழக்கம். பழுது பார்க்க வருபவர்கள் தம் வசதிக்காகப் போட்டுவிட்டு எடுக்க மறப்பவையும் உண்டு.

செயலி தங்கும் இடங்கள்

ஒரு செயலி கணிப்பொறியில் அமரும்பொழுது ஒரே இடத்தில் அமர்வதில்லை. நம் அலுவலகங்களில் மிகுதியாக உள்ள விண்டோஸ் முறையை எடுத்துக்கொள்வோம். செயலியின் உடல் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ என்னும் அறையில் தங்கும். அதன் பொதுச் சரக்குகள் ‘புரோகிராம் டேட்டா’ என்னும் அறைக்கும், அதைப் பயன்படுத்துவோரின் விருப்பங்களும் சேமிப்புகளும் ‘ஆப் டேட்டா’ என்னும் அறைக்கும் போகும். பின்னிரண்டும் சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைக்கப்பட்டவை. இவை போக, ‘ரிஜிஸ்ட்ரி’ என்னும் பெரும் பதிவேட்டில் செயலியின் பெயரும் விலாசமும் பல பக்கங்களில் எழுதப்படும். கணிப்பொறியைத் திறந்தவுடன் தானே எழுந்து வேலை செய்யும்படியும், குறித்த நேரத்தில் விழித்துக்கொள்ளும்படியும் சில செயலிகள் தம்மைத் தாமே ஏற்பாடு செய்துகொள்ளும். மேசைமேல் தெரியும் படம் இவ்வளவுக்கும் கடைசியில் வைக்கப்படுவது.

ஆதலின் செயலியை நீக்குவதற்கு, அது எங்கெங்கே எதை வைத்தது என்று அறிந்தவனே தகுதியானவன். அவ்வாறு அறிந்தவன் அச்செயலியுடன் கூடவே வருகிறான். பெரும்பாலான செயலிகள் தம்மை நீக்கிக்கொள்ளும் கருவியையும் தம் அறையிலேயே வைத்திருக்கும். இதனை அறியாத சிலர், படத்தை அழிப்பவரைவிட ஒரு படி மேலே போய், செயலியின் அறையையே திறந்து அத்தனையும் அழித்துவிடுகிறார்கள். அதனால் நேர்வது யாதெனில், நீக்கும் கருவியும் உடன் அழிந்து, பதிவேட்டில் எழுதியவை மட்டும் எஞ்சி நிற்கின்றன. பட்டியலில் பெயர் இருக்கும். நீக்கச் சொன்னால் கருவியைக் காணோம் என்று கணிப்பொறி கையை விரிக்கும். இந்நிலை வந்துவிட்டால், அதே செயலியை முறையாக மறுபடி ஒருமுறை நிறுவி, பிறகு முறையாக நீக்குவதே எளிய வழி.

நீக்குமுன் காக்க வேண்டியவை

வேண்டாத செயலியால் சங்கத்திற்கு வரும் இழப்பைக் காட்டிலும், அவசரமாக நீக்கியதால் வரும் இழப்பு பெரிதாக இருந்துவிடக் கூடும். ஆதலின் இப்பகுதியை அங்கத்தினர்கள் இருமுறை படிப்பது நலம்.

செயலி வேறு, அதில் நாம் எழுதிய கணக்கு வேறு. பேனாவைத் தூக்கி எறிந்தால் பேரேடு அழியாது என்பது காகிதத்திற்குப் பொருந்தும். கணிப்பொறியில் அப்படி எப்பொழுதும் உறுதி கூற இயலாது. சில பழைய கணக்குச் செயலிகள், நாம் எழுதிய நாளேட்டையும் பேரேட்டையும் தம் அறைக்குள்ளேயே ஒரு மூலையில் வைத்திருக்கும். மின்னஞ்சல் செயலிகளில் தண்டர்பேர்டு போன்றவை, வந்த கடிதங்களை மறைவான ‘ஆப் டேட்டா’ அறையில் சேர்த்து வைக்கும். புதிய மென்பொருளுக்கு மாறிய சங்கம், பழைய செயலி இனி எதற்கு என்று அதன் அறையோடு அழித்துவிட்டால், பல ஆண்டுக் கணக்கும் அதனுடன் போகும். பிறகு தணிக்கையாளர் வந்து அமர்ந்து, மூன்றாண்டுகளுக்கு முந்திய ஒரு பற்றுக்கு விவரம் கேட்டால் எதைக் காட்டுவது? கடன் தீர்த்துவிட்ட அங்கத்தினர் ஒருவரின் பெயரில் பாக்கி நிற்பதாகத் தகராறு எழுந்தால், அந்த ஏழைக்குச் சாட்சி சொல்ல என்ன இருக்கிறது?

எனவே நீக்குமுன், அச்செயலியின் உள்ளிருந்தே ‘பேக்கப்’ என்னும் காப்புப்பிரதி எடுத்து, வெளியே கழற்றி வைக்கத்தக்க ஹார்டு டிஸ்கில் சேர்க்க வேண்டும். எடுத்தால் மட்டும் போதாது. அந்தப் பிரதியை மற்றொரு கணிப்பொறியில் திறந்து, பேரேட்டு இருப்புகள் பழைய பெட்டியில் காட்டியபடியே காட்டுகின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். திறந்து பார்க்காத காப்புப்பிரதி, எண்ணிப் பாராமல் வாங்கி வைத்த நூல் மூட்டையைப் போன்றது. உள்ளே எத்தனைச் சிட்டம் இருக்கிறது என்பது பிரித்தபோதுதான் தெரியும்.

விலை கொடுத்து வாங்கிய செயலியானால் இன்னொன்றும் உண்டு. டேலி போன்ற கணக்குச் செயலிகளின் உரிமம் ஒரு குறிப்பிட்ட கணிப்பொறியோடு பிணைக்கப்பட்டிருக்கும். அதை வேறு பெட்டிக்கு மாற்ற எண்ணினால், பழைய பெட்டியில் ‘சரண்டர்’ செய்து விடுவித்துக்கொண்ட பின்பே நீக்க வேண்டும். சங்கப் பணத்தில் வாங்கிய உரிமம் அது.

நீக்கும் முறை

காப்புப்பிரதி சரிபார்த்தாயிற்றென்றால் மேற்கொண்டு உள்ள வேலை கடினமானதன்று. அச்செயலி திறந்திருந்தால் மூடுக. விண்டோஸ் 11 உள்ள பெட்டியில் ‘ஸ்டார்ட்’ சென்று ‘செட்டிங்ஸ்’ திறந்து, ‘ஆப்ஸ்’ என்பதில் ‘இன்ஸ்டால்டு ஆப்ஸ்’ என்பதை அழுத்தினால் பட்டியல் வரும். விண்டோஸ் 10இல் அதே இடத்தின் பெயர் ‘ஆப்ஸ் அண்டு ஃபீச்சர்ஸ்’. மிகப் பழைய பெட்டிகளில் ‘கண்ட்ரோல் பேனல்’ வழியாகப் போய் ‘புரோகிராம்ஸ் அண்டு ஃபீச்சர்ஸ்’ என்பதைத் திறக்க வேண்டும். (விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஆம் நாளோடும் முடிந்துவிட்டன என்பதையும் நிர்வாகக் குழுவினர் கருத்தில் கொள்க.)

இந்தப் பட்டியலை எழுத்து வரிசையில் பார்ப்பதைவிட, நிறுவிய தேதி வரிசையில் அடுக்கிப் பார்ப்பது மிகுந்த பயன் தரும். ஒரே நாளில் நான்கு பெயர்கள் வந்திருந்தால், ஒன்று நாம் அழைத்தது, மற்றவை அதன் முதுகில் ஏறி வந்தவை என்று பெரும்பாலும் யூகிக்கலாம். நீக்க வேண்டியதைத் தேர்ந்து ‘அன்இன்ஸ்டால்’ கொடுத்தபின் தோன்றும் கேள்விகளைப் படித்தே பதில் சொல்ல வேண்டும். சில செயலிகள், போகும்போதும் போக மனமின்றி, ‘வைத்துக்கொள்’ என்னும் பொத்தானைப் பெரிதாகவும் ‘நீக்கு’ என்பதை மங்கலாகவும் எழுதியிருக்கும். உம்முடைய விருப்பங்களையும் சேமிப்பையும் வைத்திருக்கட்டுமா என்றும் சில கேட்கும். முற்றும் நீக்குவதே நோக்கமாயின் வேண்டாம் என்க.

வேலை முடிந்ததும் கணிப்பொறியை ஒருமுறை அணைத்துத் திறத்தல் அவசியம். இயங்கிக்கொண்டிருக்கும் கோப்பை உடனே அழிக்க முடியாததால், மறுமுறை திறக்கும்போது அழிப்பதாகக் குறித்து வைக்கும் வழக்கம் கணிப்பொறிக்கு உண்டு. திறந்தபின் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ அறையில் அதன் பெயரில் உள்ளறை எஞ்சியிருக்கிறதா? மறைந்திருப்பவற்றைக் காட்டும்படி செய்து ‘ஆப் டேட்டா’, ‘புரோகிராம் டேட்டா’ அறைகளில் தேடினால் அகப்படுகிறதா? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் வரும் ‘டாஸ்க் மேனேஜர்’ என்பதில், தொடக்கத்தில் எழுபவற்றின் பட்டியலில் அதன் பெயர் நிற்கிறதா? எஞ்சிய அறை அச்செயலிக்கே உரியது என்று ஐயமறத் தெரிந்தால் அழிக்கலாம். ஐயமிருந்தால் உடனே அழியாது அதன் பெயரை மட்டும் மாற்றி வைத்து, ஒரு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தால் பின்னர் அழிப்பது விவேகம்.

எல்லாவற்றையும் பிடுங்கலாகாது என்பதற்கு நெசவாளர்களுக்கு உதாரணம் தேவையில்லை. பாவு முடிந்ததும் துணியை அறுத்தெடுப்பார்களேயன்றி, விழுதிலும் அச்சிலும் கோத்த இழைகளை உருவிவிட மாட்டார்கள். அவற்றின் நுனியில்தான் புதுப் பாவைப் பிணைக்க வேண்டும். செயலிப் பட்டியலில் ‘விஷுவல் சி பிளஸ் பிளஸ்’ என்றும் ‘டாட் நெட்’ என்றும் தொடங்கும் சில பெயர்கள் காணப்படும். அவற்றை நாம் அழைக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் வேறு பல செயலிகள் அவற்றைப் பொதுவாக நம்பி நிற்கின்றன. அச்சுப்பொறிக்கும் ரேகை பதியும் கருவிக்கும் உரிய ‘டிரைவர்’ என்பவையும் அத்தகையனவே. அவற்றை எடுத்தால் மறுநாள் காலை அங்கத்தினர் வரிசையில் நிற்க, கருவி ஊமையாகிக் கிடக்கும்.

ரிஜிஸ்ட்ரியைக் கையால் திருத்தும் வேலையைச் சங்கப் பணியாளர் மேற்கொள்ள வேண்டா. அதில் எஞ்சும் ஓரிரு வரிகளால் பெரும்பாலும் தீங்கில்லை. தவறான வரியை அழித்தாலோ கணிப்பொறியே எழாமற் போகலாம். ரிஜிஸ்ட்ரியைத் துப்புரவு செய்து தருகிறோம் என்று விளம்பரப்படுத்தும் செயலிகளை மைக்ரோசாஃப்ட் நிறுவனமே ஆதரிப்பதில்லை. வேண்டாத செயலியை நீக்க மற்றொரு வேண்டாத செயலியை வரவழைப்பதில் பொருளில்லை.

நீக்கிய பின்னும் நின்றவை

முறையாக நீக்கியும் தீங்கு நீங்காத நிகழ்ச்சி ஒன்று உலகறிந்தது. 2014ஆம் ஆண்டின் பிற்பகுதியில் விற்பனையான லெனோவோ மடிக்கணினிகள் சிலவற்றில், சூப்பர்ஃபிஷ் என்னும் நிறுவனத்தின் விளம்பரச் செயலி தொழிற்சாலையிலேயே ஏற்றப்பட்டிருந்தது. இச்செய்தி 2015 பிப்ரவரியில் பெரிதாக வெளியாயிற்று. வங்கியின் இணையப் பக்கத்தை நாம் திறக்கும்போது, அது உண்மையான வங்கிதானா என்று கணிப்பொறி ஒரு சான்றிதழைக் கொண்டு சரிபார்க்கிறது. நம்பத்தக்க சான்றிதழ் வழங்குவோரின் பட்டியல் ஒன்று கணிப்பொறிக்குள் இருக்கும். நம் சங்கத்தில் மாதிரிக் கையொப்பப் பதிவேடு இருப்பதுபோல என்று கொள்க. அந்தப் பதிவேட்டிலேயே இச்செயலி தன் கையொப்பத்தையும் சேர்த்துவிட்டது. அதனால் எந்தப் பக்கத்தின் இடையிலும் புகுந்து விளம்பரத்தைச் செருக அதற்கு இயன்றது.

இதனினும் கொடியது, அந்தக் கையொப்பத்தை இடும் இரகசியத் திறவுகோல் அத்தனைக் கணிப்பொறிகளிலும் ஒன்றாகவே இருந்தது. ஆராய்ச்சியாளர்கள் அதனை விரைவில் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்கள் கண்டதை ஒரு கயவனும் காணலாம். கண்டபின் போலி வங்கிப் பக்கத்தை உண்மை போலவே காட்டலாம். செய்தியைப் படித்தவர்கள் பதறிப்போய், மேலே சொன்ன முறைப்படி செயலியை நீக்கினார்கள். செயலி போயிற்று. பதிவேட்டில் சேர்த்த கையொப்பம் போகவில்லை! ஆளை வேலையிலிருந்து நீக்கிவிட்டு, அவன் மாதிரிக் கையொப்பத்தை வங்கியில் அப்படியே விட்டுவைத்த கதையாயிற்று. பின்னர் லெனோவோ நிறுவனம் இரண்டையும் அகற்றும் கருவியை வெளியிட்டது; விண்டோஸின் பாதுகாப்புச் செயலியும் இரண்டையும் நீக்கும்படி திருத்தப்பட்டது. 2017இல் அமெரிக்க வணிக ஆணையத்துடன் அந்நிறுவனம் இவ்விஷயத்தில் உடன்பாடு செய்துகொண்டது.

இதற்கும் முன்னர், 2005இல், சோனி பிஎம்ஜி நிறுவனத்தின் சில இசைத் தட்டுகள் கணிப்பொறியில் தம்மை மறைத்துக்கொள்ளும் செயலியைப் புகுத்தின. மார்க் ருசினோவிச் என்பவர் அதனைக் கண்டு வெளியிட்டார். அதை நீக்குவதற்கென்று முதலில் தந்த கருவியே புதிய ஓட்டை ஒன்றைத் திறந்துவிட்டது என்பது அந்நிகழ்ச்சியில் விசித்திரமான பகுதி.

நம் அலுவலகங்களில் இவ்வாறு எஞ்சி நிற்பவை மூன்று வகை. வைரஸ் தடுப்புச் செயலிகள் கணிப்பொறியின் ஆழத்தில் வேர் விடுபவை. ஒன்றிருக்க மற்றொன்றை ஏற்றினால் இரண்டும் ஒன்றையொன்று தடுத்து வேலையை மந்தமாக்கும். இவற்றை முற்றும் நீக்குவதற்கென்றே மெக்காஃபி, அவாஸ்ட், காஸ்பர்ஸ்கி முதலியோர் தனிக் கருவி தருகிறார்கள். அதனை அந்நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். அடுத்து, இணைய உலாவியில் ஒட்டும் ‘எக்ஸ்டென்ஷன்’. செயலிப் பட்டியலில் இதன் பெயர் வராது. உலாவிக்குள்ளேயே சென்று நீக்க வேண்டும். கூகுள் கணக்கின் மூலம் பல கணிப்பொறிகள் இணைக்கப்பட்டிருந்தால், இங்கு நீக்கியது அங்கிருந்து மறுபடி வந்துவிடக் கூடும். மூன்றாவது, தூரத்திலிருந்து திரையை இயக்கும் செயலி. அத்தகைய செயலி ஒன்றின் வாயிலாகப் பணம் களவாடப்படுவதைக் குறித்து ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. இதை நீக்கியபின், அது இருந்த காலத்தில் அக்கணிப்பொறியில் அடித்த கடவுச்சொற்கள் அனைத்தையும் மாற்றினாலன்றி வேலை முடிந்ததாகாது. மாற்றுவதும் வேறொரு சுத்தமான கணிப்பொறியிலிருந்து நடைபெற வேண்டும்.

ஃபிளாஷ் பிளேயர் என்பதையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு அதற்கு ஆதரவை நிறுத்தி, நீக்கிவிடுமாறு தானே கேட்டுக்கொண்டது. பழைய பெட்டிகளில் அது இன்னும் கிடந்தால் தயங்காது அகற்றலாம்.

லினக்ஸ் முறையில் இயங்கும் பெட்டி உள்ள சங்கங்கள் சிலவே. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்பது டெபியனை அடிப்படையாகக் கொண்டது; அதில் ‘ரிமூவ்’ என்றால் செயலி போய் அதன் அமைப்புக் கோப்புகள் நிற்கும், ‘பர்ஜ்’ என்றால் அவையும் போகும். இருவகை நீக்கத்திற்கும் இரு சொற்களை வைத்த அந்த நேர்மை பாராட்டத்தக்கது. பயன்படுத்துவோரின் சொந்த அறையில் உள்ளவை மட்டும் அதிலும் தொடப்படுவதில்லை.

கைப்பேசியைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். சங்கத்தில் கடன் கிடைக்கத் தாமதமானபோது கைப்பேசியில் கடன் தரும் செயலியை நாடிய அங்கத்தினர்கள், பிறகு அச்சங்கொண்டு செயலியை அழிக்கிறார்கள். செயலியை அழித்தால் கடன் அழியாது; அது முன்னரே எடுத்துச் சென்ற உறவினர் எண்களும் திரும்பி வாரா. ஒழுங்குக்கு உட்பட்ட கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் கோப்புகளையும் தொடலாகாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வகுத்துள்ளது. மீறித் தொல்லை தரும் செயலியானால், அழிக்குமுன் அதன் பெயர், வந்த மிரட்டல், பணம் செலுத்திய இரசீது ஆகியவற்றைப் படமெடுத்து வைத்துக்கொண்டு 1930 என்னும் எண்ணுக்குப் புகார் செய்ய வேண்டும். அழித்தபின் சாட்சியம் தேடுவது கடினம்.

இனிச் சங்கங்கள் கைக்கொள்ள வேண்டியது, தளவாடப் பதிவேட்டைப் போலவே ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஒரு செயலிப் பதிவேடு. செயலியின் பெயர், ஏற்றிய தேதி, ஏற்றியவர், எதற்காக, உரிமம் எங்குள்ளது, நீக்கிய தேதி, காப்புப்பிரதி வைக்கப்பட்ட இடம், சரிபார்த்தவர் கையொப்பம் ஆகிய பத்திகள் போதும். கணக்கு எழுதிய செயலியை நீக்குவதானால் நிர்வாகக் குழுத் தீர்மான எண்ணையும் எழுதுக. அரையணாப் பெறுமான அலுவலகப் பொருளையும் தள்ளுபடி செய்யத் தீர்மானம் கேட்கும் நாம், பல ஆண்டுப் பேரேட்டைத் தாங்கிய செயலியைத் தற்காலிகப் பணியாளர் ஒருவர் தம் விருப்பப்படி நீக்க விடுவது முறையன்று. வரும் மாதம் ஆய்வுக்கு வரும் சங்கங்களில் இப்பதிவேட்டைக் கேட்டுப் பார்க்க எண்ணியிருக்கிறேன். முதல் பக்கத்தில் இன்றுள்ள செயலிகளின் பட்டியலைத் தேதி வரிசையில் எழுதி வைத்திருந்தால் அதுவே போதுமானது.